மோட்டார் பொருத்திய பழைய மலைச் சைக்கிள் ஏற்றத்தில் மட்டும் நின்றுவிடுகிறது: கன்ட்ரோலரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி – மோல்மேன், மியான்மர்

அனைவருக்கும் வணக்கம். என் பழைய மலைச் சைக்கிளில், 26 அங்குலச் சக்கரத்தோடு கோத்து வந்த 48 வோல்ட், 500 வாட் மோட்டாரை இரண்டு மாதங்களுக்கு முன் வீட்டிலேயே பொருத்தினேன். சட்டகம் இரும்பு. பின்கவட்டின் உள் அகலம் 135 மில்லிமீட்டர் இருந்ததால் சக்கரம் சிரமமின்றி உள்ளே அமர்ந்தது. பழைய ஏழு பல்சக்கர ஃப்ரீவீலையே மோட்டாரின் மீது திருகிக்கொண்டேன். பேட்டரி மட்டும் புதியதல்ல. ஒருவர் பயன்படுத்திய, 13 ஆம்பியர்-மணி என்று எழுதப்பட்ட லித்தியம் பேட்டரியை வாங்கினேன்.

ஆற்றங்கரைச் சாலையில் எந்தக் குறையும் இல்லை. சைக்தன்லான் பகோடா இருக்கும் மலை முகட்டை நோக்கி ஏறும்போதுதான், ஏற்றத்தின் பாதியில் மோட்டார் சட்டென்று நின்றுவிடுகிறது. புறப்படும்போது மீட்டரில் 52.4 வோல்ட் காட்டியது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் மேல் 22 ஆம்பியர் என்றும், 42 வோல்ட்டுக்குக் கீழே போனால் நிறுத்தும் என்றும் அச்சிட்டிருக்கிறது. கன்ட்ரோலர் பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். அந்தச் செலவு எனக்குச் சிறியதல்ல என்பதால் அனுபவமுள்ளவர்களைக் கேட்கிறேன். முதல் வாரத்தில் பின்சக்கர நட்டு ஒருமுறை தளர்ந்தது, இறுக்கிவிட்டேன்.

பதில் – யாங்கோன்

தம்பி, கன்ட்ரோலரை இப்போது வாங்காதீர்கள். முதலில் ஒன்றைக் கவனித்துச் சொல்லுங்கள்: மோட்டார் நிற்கும்போது கைப்பிடியில் உள்ள டிஸ்பிளே எரிந்துகொண்டிருக்கிறதா, அதுவும் சேர்ந்து அணைகிறதா? டிஸ்பிளே எரிந்தபடி மோட்டார் மட்டும் நின்றால் கன்ட்ரோலரையோ, மோட்டாருக்குள் அதன் சுழற்சி நிலையை உணரும் ஹால் சென்சாரையோ, பிரேக் பிடியில் உள்ள சுவிட்சையோ சந்தேகிக்கலாம். எல்லாம் சேர்ந்து அணைந்தால் மின்சாரமே வரவில்லை என்று பொருள். அடுத்து, பேட்டரியின் வெளிமுனையில் மல்டிமீட்டரை இணைத்துக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு அதே ஏற்றத்தில் ஏறுங்கள். வீட்டில் சும்மா நிற்கும்போது எடுக்கும் வோல்ட் கணக்கு இந்தக் கோளாறுக்கு உதவாது. சுமை ஏறும்போது என்ன காட்டுகிறது என்பதே வேண்டும். இறங்கியவுடன், பேட்டரியைக் கன்ட்ரோலரோடு இணைக்கும் மஞ்சள் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் பற்றுவைப்பு சரியில்லை.

கேட்டவர்

ஐயா, நேற்று நீங்கள் சொன்னபடியே செய்தேன். சமதளத்தில் 50க்குமேல் இருந்த எண் ஏற்றம் தொடங்கியதும் 48, 47 என்று இறங்கியது. 46க்கு வந்து சில நொடிகள் நின்று, ஒரே தாவலில் சுழியம் ஆனது. டிஸ்பிளேயும் அதே நொடியில் அணைந்தது. ஒரு நிமிடம் கழித்துப் பேட்டரியின் பொத்தானை அணைத்துப் போட்டால் மறுபடியும் உயிர் வருகிறது. பிளக் வெதுவெதுப்பாக இருந்தது, சுடவில்லை. 42 வோல்ட் வருவதற்கு முன்பே ஏன் நிற்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பதில் – யாங்கோன்

விடை அந்தச் சுழியத்தில் இருக்கிறது. கன்ட்ரோலர் நிறுத்தியிருந்தால் மோட்டார் ஓய்ந்ததும் மீட்டரில் எண் மேலே ஏறியிருக்கும். சுழியம் காட்டினால், பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ். என்னும் காவல் பலகையே வாசலை மூடிவிட்டது.

48 வோல்ட் பேட்டரி என்பது 13 செல் கூட்டங்களைத் தொடராக இணைத்தது. ஒவ்வொன்றும் முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட், மொத்தம் 54.6. கன்ட்ரோலருக்கு இந்த மொத்தக் கணக்கு மட்டுமே தெரியும், பி.எம்.எஸ். ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. பன்னிரண்டு கூட்டங்கள் சுமையில் 3.6 வோல்ட்டில் நிற்க, ஒன்று மட்டும் 2.7க்கு விழுந்தால் மொத்தம் 45.9 ஆகும். அதாவது நீங்கள் பார்த்த 46. மொத்தம் 42க்கு மேலே இருந்தாலும், அந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்காகப் பி.எம்.எஸ். எல்லாவற்றையும் துண்டித்துவிடும். புதிய கன்ட்ரோலர் போட்டாலும் அதே இடத்தில் நின்றிருப்பீர்கள்.

பேட்டரி உறையைத் திறந்தால் பி.எம்.எஸ்.ஸில் செருகியிருக்கும் 14 மெல்லிய கம்பிகளைக் காண்பீர்கள். அடுத்தடுத்த இரண்டு கம்பிகளுக்கு இடையே அளந்தால் ஒரு கூட்டத்தின் வோல்ட் கிடைக்கும். மீட்டர் கம்பியின் முனையில் உள்ள ஊசியின் நுனியில் மட்டும் சிறிதளவு உலோகம் தெரியும்படி விட்டு, மற்றதை டேப்பால் சுற்றிக்கொள்ளுங்கள். கை மோதிரத்தைக் கழற்றிவையுங்கள். உள்ளே உருகிய தடமோ, இனிப்பு கலந்த ரசாயன வாடையோ, உப்பிய செல்லோ இருந்தால் மூடி வெளியே கொண்டுபோய் வைத்துவிடுங்கள், தொடராதீர்கள்.

பதில் – பெகு

ஐயா சொல்வது சரி. நான் கேட்க விரும்புவது வேறு: சார்ஜர் எத்தனை ஆம்பியர், உங்கள் பகுதியில் மின்சாரம் ஒரு முறைக்கு எவ்வளவு நேரம் வருகிறது? 13 ஆம்பியர்-மணி பேட்டரியை 2 ஆம்பியர் சார்ஜரில் நிரப்ப ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பி.எம்.எஸ். கூட்டங்களைச் சமன் செய்வது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில், எல்லாம் நிரம்பப்போகும் நேரத்தில்தான். மின்சாரம் இடையில் நின்று, மறுநாள் காலை அப்படியே வண்டியை எடுத்தால் அந்தக் கட்டமே வராது. மாதக்கணக்கில் இப்படி நடந்தால் பின்தங்கிய கூட்டம் மேலும் பின்தங்கும். எனக்கு இதுதான் நேர்ந்தது.

கேட்டவர்

அண்ணா, அதேதான். சார்ஜர் 2 ஆம்பியர்; மின்சாரம் நான்கு மணி நேரம் வந்தால் பெரிது. முழுதாக நிரம்பியதைக் காட்டும் பச்சை விளக்கை நான் பார்த்த நாட்களை எண்ணிவிடலாம். இன்று உறையைத் திறந்து அளந்தேன். பன்னிரண்டு கூட்டங்கள் 4.04க்கும் 4.05க்கும் இடையில் இருக்க, ஏழாவது மட்டும் 3.86. வாடையோ உப்பலோ இல்லை. ஏழாவது கூட்டத்தை மட்டும் தனியாக 4.2 வோல்ட் சிறு சார்ஜரில் ஏற்றலாமா?

பதில் – யாங்கோன்

ஏற்றலாம், செய்பவர்களும் உண்டு. ஆனால் கம்பி ஒன்று தவறினாலும் குறுக்குத் தொடர்பு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும். முதல்முறை திறப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டியை நான்கைந்து நாட்கள் எடுக்காமல், மின்சாரம் வரும்போதெல்லாம் சார்ஜரில் போடுங்கள். பச்சை விளக்கு வந்த பிறகும் மின்சாரம் இருக்கும்வரை விட்டுவையுங்கள். சமன் செய்யும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் பொறுமை வேண்டும். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், மரத்தரையில் அல்லாமல் சிமெண்டுத் தரையில் வைத்துச் செய்யுங்கள். மின்சாரம் போனதும் சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கி, திரும்ப வந்து சில நிமிடங்கள் கழித்துச் செருகுங்கள். வந்தவுடன் வோல்ட் தாறுமாறாக ஏறியிறங்கும்.

நட்டு தளர்ந்தது என்று போகிறபோக்கில் எழுதினீர்கள், அதை நான் விடமாட்டேன். மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும் அதே விசையோடு ஆக்சிலைப் பின்னே திருப்பப் பார்க்கிறது. 12 மில்லிமீட்டர் ஆக்சிலின் இரு பக்கமும் தட்டையாக வெட்டி 10 மில்லிமீட்டராக்கி, கவட்டின் பிளவில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தத் தட்டையான முகம் மட்டுமே அதைத் தடுத்து நிறுத்துகிறது. சக்கரத்தைக் கழற்றி அந்த முகத்தின் விளிம்பைப் பாருங்கள். மழுங்கிப் பளபளத்தால் ஆக்சில் ஏற்கெனவே அசைந்திருக்கிறது. அது முழுதாகச் சுழன்றால் ஆக்சிலின் துளை வழியே வெளிவரும் கம்பிக் கட்டு முறுக்கி அறுந்து, கன்ட்ரோலர் உண்மையாகவே எரிந்துபோகும், சக்கரமும் கழன்றுவிடலாம். இரும்புச் சட்டகமானாலும் ஆக்சில் சுழலாமல் பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்ம் என்னும் எஃகுத் தகடு ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். மோட்டாரின் கம்பிக் கட்டு ஆக்சிலுக்குக் கீழே ஒரு வளைவு வளைந்து பிறகு மேலே ஏற வேண்டும். இல்லையென்றால் உங்கள் ஊர் மழை கம்பி வழியாகவே மோட்டாருக்குள் இறங்கிவிடும்.

கேட்டவர்

ஐந்து நாட்கள் பொறுத்திருந்தேன். ஏழாவது கூட்டம் 4.13 வரை வந்துவிட்டது, மற்றவை 4.17. இன்று காலை அதே ஏற்றத்தில், மோட்டார் தரும் உதவியின் நிலையை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைத்து, நானும் மிதித்துக்கொண்டு ஏறினேன். உச்சிவரை நிற்காமல் போனது. வீட்டுக்கு வந்து அளந்தபோது மற்றவை 3.84 இருக்க, ஏழாவது 3.66. ஆகவே அதில் உள்ள செல்களும் ஓரளவு தளர்ந்துதான் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

ஆக்சிலின் வலப்பக்க விளிம்பு ஐயா சொன்னபடியே மழுங்கியிருந்தது. பட்டறையில் 6 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டச் சொல்லி, துளையை அரத்தால் நானே ஆக்சிலுக்குச் சரியாகப் பொருந்தும்படி ராவி, மறுமுனையைச் சட்டகத்தோடு இறுக்கிவிட்டேன். கன்ட்ரோலருக்கு எடுத்துவைத்த பணத்தை அப்படியே வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் புதிய பேட்டரிக்கு அது உதவும். இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

பதில் – பெகு

நல்லது தம்பி. மாதம் ஒருமுறை ஏழாவதை அளந்துவாருங்கள். ஓய்வில் இருக்கும்போதே 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால், மீண்டும் சார்ஜரில் போடாமல் அந்தப் பேட்டரியை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.