வெயிலுக்கு நிலைக்கும் கார் பேட்டரி எது? நெல்லைச் சீமைக்காரங்க அனுபவம் சொல்லுங்க

பாளை_சின்னகார்
2019 மாடல் சின்ன பெட்ரோல் கார். 35 ஆம்பியர்-மணி பேட்டரி, மூணு வருசம் ஆகப்போகுது. ராத்திரி நிறுத்திட்டுக் காலையில மீட்டர் வச்சா 12.3 வோல்ட். ஸ்டார்ட் ஆகுது, ஆனா இழுத்து இழுத்து. கடையில 72 மாச வாரண்டி பெட்டியை எடுக்கச் சொல்லுதாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு எது தாக்குப்பிடிக்கும்? எதைப் பார்த்து வாங்கணும் அண்ணாச்சிமாரே?

வண்ணார்பேட்டை_எலக்ட்ரீசியன்
தம்பி, முதல்ல இருக்கிற பேட்டரி செத்துப்போச்சா, இல்ல சார்ஜ் ஏறாம பட்டினி கிடக்கான்னு பிரிச்சுப் பாருங்க. இந்தப் பக்கம் மாத்துற பேட்டரியில கணிசமானது பட்டினிக் கேஸ்தான்.

வண்டி ஓடி நின்ன கையோட மீட்டர் வச்சா பொய் சொல்லும். ராத்திரி முழுக்க நிக்க விட்டு, காலையில சாவி போடாம அளக்கணும். 12.6க்கு மேல இருந்தா முழுசு. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 11.8 வந்துட்டா காலி. உங்க 12.3 பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். வெளியே எடுத்து சார்ஜர்ல 3.5 ஆம்பியர் வச்சு 10 முதல் 12 மணி நேரம் போடுங்க (ஆம்பியர்-மணியில பத்துல ஒரு பங்கு, அதுக்கு மேல வேண்டாம்). எடுத்து ஒரு ராத்திரி தனியா வைங்க. மறுநாள் 12.5க்கு மேல நின்னா பேட்டரியில உயிர் இருக்கு, குற்றம் வண்டியில. திரும்ப 12.3க்கு இறங்கினா மாத்த வேண்டியதுதான். எப்பவும் 10.5 பக்கமே காட்டினா ஆறு செல்லுல ஒண்ணு படுத்துட்டுதுன்னு அர்த்தம், அதுக்கு சார்ஜ் போட்டுப் புண்ணியமில்ல.

அடுத்தது செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்க. 9.6க்குக் கீழே விழுந்தா பேட்டரி சோர்ந்துபோச்சு. விழாமலும் என்ஜின் மெதுவா சுத்துனா, ஒயரைப் பேட்டரிக் குமிழ்ல பிடிச்சிருக்கிற கிளாம்ப்ல சந்தேகப்படுங்க. மீட்டரோட ஒரு முனையை ஈயக் குமிழ் மேலயும் இன்னொண்ண கிளாம்ப் மேலயும் வச்சு செல்ஃப் அடிங்க. 0.2 வோல்ட் தாண்டினா நடுவுல அழுக்கு உட்கார்ந்திருக்கு. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல போற எர்த் பட்டையையும் இதே மாதிரி பார்க்கணும். அது துருப்பிடிச்சுப்போன வண்டிக்குப் புதுப் பேட்டரி போட்டாலும் இதே இழுவைதான்.

கடைசியா ஆல்டர்னேட்டர், அதாவது ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துறது. வண்டியை ஓட விட்டு 13.8 முதல் 14.5 வரை வரணும். ஏசி, ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டாலும் 13.5க்குக் கீழே இறங்கக் கூடாது. 14.8 தாண்டினா வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் கெட்டிருக்கு. எந்தக் கம்பெனி பேட்டரி போட்டாலும் ஒரே கோடையில தண்ணி வத்தி வெந்துடும். ஒரு எச்சரிக்கை: புது வண்டிகள்ல கம்ப்யூட்டர்தான் ஆல்டர்னேட்டரை ஏத்தி இறக்குது. ஓடுற வண்டியில 12.7 காட்டுதேன்னு பழுதுன்னு முடிவு கட்டாதீங்க. ஹெட்லைட்டைப் போட்டுக் கொஞ்ச நேரம் பாருங்க, ஏறும்.

அம்பை_டாக்சி
மேல அண்ணாச்சி சொன்னதை முடிச்சுட்டு வாங்குறதுன்னா, வாங்குற விசயத்தைச் சொல்லுதேன்.

பேட்டரியைக் கொல்லுறது குளிர்னு வெளிநாட்டு வீடியோ பார்த்துச் சொல்லுறவங்க உண்டு. அங்க சரி. இங்க கொல்லுறது சூடு. 10 டிகிரி கூடினா உள்ளே நடக்கிற வேதிவினை ஏறக்குறைய ரெண்டு மடங்கு வேகமாகும், ஆயுசு பாதியாகும். கத்திரி வெயில்ல கயத்தாறுல இருந்து நாலுவழிச் சாலையில விரட்டிட்டு வந்து, ஜங்ஷன்ல பானட்டை மூடி நிறுத்துனா உள்ளே இருக்கிற சூட்டுக்குக் கணக்கே வேற. பிளேட்டோட ஈயச் சட்டம் அரிக்கும், தண்ணி வத்தும்.

அதனால சி.சி.ஏ. எண்ணைப் பார்த்து மயங்காதீங்க. அது மைனஸ் 18 டிகிரியில 30 விநாடி எவ்வளவு ஆம்பியர் கொடுக்குதுங்கிற அளவு. பொதிகை மலை உச்சிக்கே ஏத்தினாலும் அந்தக் குளிர் வராது. கம்பெனி சொன்ன அளவு இருந்தா போதும். சி.சி.ஏ.வைக் கூட்டணும்னா மெல்லிசா நிறைய பிளேட் அடுக்கணும். மெல்லிசு பிளேட் சூட்டுல சீக்கிரம் அரிச்சுப்போகும். கடையில ஒரே அளவு, ஒரே ஆம்பியர்-மணி உள்ள ரெண்டு பெட்டியைக் கையில தூக்கிப் பாருங்க. கனமா இருக்கிறதுல ஈயம் கூட. நான் விளம்பரத்தைவிட இந்தச் சோதனையைத்தான் நம்புவேன்.

அளவு: பழைய பெட்டி மேல 38பி20எல் மாதிரி ஒண்ணு எழுதியிருக்கும். பி அகல உயரத்தைக் காட்டுற எழுத்து, 20ங்கிறது நீளம் சென்டிமீட்டர்ல. கடைசி எல், ஆர் எழுத்து பிளஸ் எந்தப் பக்கம்னு காட்டும். அது மாறினா ஒயர் எட்டாது, இழுத்துக் கட்டினா என்னைக்காவது பாடியில உரசும். டின் (DIN) வகைப் பெட்டி வேற ஜாதி. டின்44 சுமார் 207 மில்லிமீட்டர் நீளம், டின்60 சுமார் 242, டின்74 சுமார் 278, எல்லாத்துக்கும் அகலம் 175. அதுக்கு அடியில விளிம்பைப் பிடிச்சு முடுக்கணும், மத்ததுக்கு மேல குறுக்குப் பட்டை.

குமிழ் தடிமனும் ரெண்டு உண்டு. சின்ன ஜப்பான் மாடல்ல பிளஸ் 14.7 மில்லிமீட்டர், மைனஸ் 13. பெரிய குமிழ்ல 19.5, 17.9. அளவு தப்பி வாங்கிட்டா, தகரத்தை மடிச்சு உள்ளே சொருகி "இது போதும் சார்"னு அனுப்பிடுவாங்க. அது ரெண்டு மாசத்துல தளரும், பொறி பறக்கும். ஒத்துக்காதீங்க.

கருங்கல்_குவாரி
பெரிய ஆம்பியர் போட்டா ஆல்டர்னேட்டர் போயிரும்னு ஒரு புரளி ஓடுது வே. போகாது. தட்டுல ஒழுங்கா உக்காந்தா போட்டுக்கிடலாம். உக்காராததை ரப்பர் டியூப் கிழிச்சுக் கட்டி வைக்காதிய. ஆடுத பெட்டியில பிளேட்டுல இருந்து பொடி உதிர்ந்து அடியில சேரும், ஒருநா ஷார்ட் ஆகும்.

இன்னொண்ணு. ரோட்டுல நின்னுட்டா டிப்பர்காரன் நிறுத்தி "வாரும் அண்ணாச்சி, ஜம்ப் போடுவோம்"பான். நல்ல மனசுதான், ஆனா டிப்பர் 24 வோல்ட். உங்க கார் கம்ப்யூட்டரு போயிரும். கார், ஜீப், லோடு ஆட்டோன்னு 12 வோல்ட் வண்டியா பாருங்க. ஒயர் மாட்டுத வரிசை: சிவப்பு முதல்ல செத்த பேட்டரி பிளஸ், அப்புறம் நல்ல பேட்டரி பிளஸ். கறுப்பு நல்ல பேட்டரி மைனஸ், மறுமுனை செத்த வண்டி என்ஜின்ல பெயிண்ட் இல்லாத இரும்புல. செத்த பேட்டரி மைனஸ்ல கடைசியா மாட்டுனா பொறி வாயுவுக்குப் பக்கத்துல விழும். பீடியை அணைச்சிட்டு வாங்க.

தென்காசி_வீட்டுக்கார்
ஓடாம நிக்கிற வண்டியைப் பத்தி யாரும் சொல்லல. இந்தப் பக்கம் அதுதான் பெரிய சீக்கு. வீட்டுக்காரர் துபாயிலயோ சென்னையிலயோ இருப்பார். கார் கீத்துக் கொட்டகையில நிக்கும். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போக ஊருக்கு வந்து சாவி போட்டா டிக் டிக். உடனே புதுசு, அடுத்த வருசம் அதே கதை.

கணக்கைப் பாருங்க. அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து நிக்கும்போது 50 மில்லிஆம்ப் வரைக்கும் எடுக்கிறது சாதாரணம். 50 மில்லிஆம்ப்னா நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 35 பேட்டரி ரெண்டு வாரத்துல பாதி. பாதியிலயே கிடந்தா பிளேட்டுல சல்பேட் கெட்டியாப் படியும், பிறகு சார்ஜ் ஏறாது.

அளக்க மீட்டரை 10 ஆம்பியர் துவாரத்துல மாத்தி, மைனஸ் கிளாம்பைக் கழட்டி, குமிழுக்கும் கிளாம்புக்கும் நடுவுல மீட்டரைக் கொடுங்க. எல்லாக் கதவையும் சாத்திட்டு அரை மணி நேரம் காத்திருக்கணும், கம்ப்யூட்டர் தூங்க அவ்வளவு ஆகும். நடுவுல கதவைத் திறந்தாலோ சாவி போட்டாலோ மீட்டர் ஃபியூஸ் போயிடலாம். 100 மில்லிஆம்புக்கு மேல நின்னா வண்டியோட ஒவ்வொரு ஃபியூஸா பிடுங்குங்க, எதுல இறங்குதோ அங்க கசிவு. வெளியில மாட்டுன பாட்டு செட்டு, ரிவர்ஸ் கேமரா, ஜி.பி.எஸ். பெட்டி, பெரும்பாலும் இதுல ஒண்ணுதான் திருடன்.

மாசக்கணக்குல நிக்கப்போகுதா, மைனஸைக் கழட்டிட்டுப் போங்க. "வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி அணைச்சா போதும்"னு வாட்ச்மேனிடம் சொல்லிட்டுப் போறது உபகாரம் இல்ல, அபகாரம். செல்ஃப் அடிச்சு இழந்ததைத் திரும்ப ஏத்தவே அந்த நேரம் பத்தாது. முக்கால் மணி நேரமாவது ரோட்டுல ஓடணும்.

ராதாபுரம்_காத்தாடி
மூடி திறக்கிற வகை வாங்குறவங்களுக்கு: டிஸ்டில்டு வாட்டர் மட்டும். எங்க பக்கத்து போர் தண்ணி உப்பு, சொல்லவே வேண்டாம். ஆனா பாபநாசத்துக்காரங்ககூட "தாமிரவருணித் தண்ணி இளநீர் மாதிரி, ஊத்தலாம்"னு ஊத்துறாங்க. குடிக்க நல்லது, பேட்டரிக்கு ஆகாது. அதுலயும் கரைஞ்ச தாது உண்டு. பிளேட்டுக்கு மேல ஒரு விரல் அகலம் நின்னா போதும். வழிய ஊத்தினா சார்ஜ் ஆகும்போது ஆசிட் பொங்கி கிளாம்பைத் தின்னும். ஆசிட் மட்டும் சேர்க்கவே கூடாது. வத்துறது தண்ணி, ஆசிட் இல்ல. கோடையில மாசம் ஒருக்க பாருங்க, மத்த நாள்ல ரெண்டு மாசத்துக்கு ஒருக்க.

கடல் காத்து அடிக்கிற உவரி, கூடங்குளம், திருச்செந்தூர்ப் பக்கம் குமிழ்ல பச்சையும் வெள்ளையுமா பூக்கும். வெந்நீர்ல ஆப்பசோடா கலந்து பழைய டூத் பிரஷால தேய்ங்க, செல்லுக்குள்ள மட்டும் இறங்க விடாதீங்க. துடைச்சு, காய வச்சு, கிளாம்பை முடுக்கின பிறகு மேலே வாஸ்லின். முடுக்குறதுக்கு முன்னாடியே கிரீஸ் அப்பிட்டு மாட்டுறாங்க, அது தப்பு.

பாளை_சின்னகார்
நன்றி அண்ணாச்சி. சார்ஜ் போட்டு வச்சும் மறுநாள் 12.28தான். அப்போ மாத்தணும். அந்த 72 மாசம் என்னன்னு யாராவது சொல்லுங்க.

வண்ணார்பேட்டை_எலக்ட்ரீசியன்
வாரண்டி மாசத்தை ஒரே எண்ணாப் பார்க்காதீங்க, ரெண்டாப் பிரிங்க. 36+36ன்னா முதல் 36 மாசம் கெட்டா சும்மா மாத்தித் தருவாங்க. அடுத்த 36ல புதுசு விலையில ஒரு கழிவுதான், அதுவும் மாசம் ஆக ஆகக் குறையும். அந்தக் கழிவை விலைப்பட்டியல் விலையில கணக்குப் போடுவாங்க, நீங்க கடையில கொடுக்கிற விலை ஏற்கனவே அதைவிடக் குறைவு. கடைசி வருசம் கைக்கு வர்றது டீச்செலவு. அதனால முதல் எண்ணை மட்டும் ஒப்பிடுங்க. மஞ்சள் போர்டு வண்டிக்கு மாசம் குறைச்சு எழுதியிருக்கும், அட்டையைப் படிங்க. வண்டி நம்பர், தேதி, கடை முத்திரை மூணும் கடையிலேயே எழுதி வாங்கணும்.

எந்தக் கம்பெனின்னு கேட்டா, எக்ஸைட், அமரான், எஸ்.எஃப்., டாடா கிரீன் எல்லாமே ஓடுது. எஸ்.எஃப். எக்ஸைடோட பிராண்டுதான். எது வேகமா விற்று வேகமா வருதோ அந்தக் கடையில வாங்குங்க. தயாரிச்ச தேதி பெட்டியில அச்சாகியிருக்கும்; மூணு மாசத்துக்கு உள்ளே இருக்கட்டும். பணம் கொடுக்கும் முன்னாடி அங்கேயே மீட்டர் வைக்கச் சொல்லுங்க. 12.6 வேணும். 12.4க்குக் கீழேன்னா வெயில் அலமாரியில கிடந்து சல்பேட் பிடிச்ச சரக்கு, வேற எடுக்கச் சொல்லுங்க. முகம் சுளிச்சா கடையை மாத்துங்க.

பழசைக் கடையிலேயே கொடுங்க, விலையில கழிப்பாங்க. 2022ல வந்த பேட்டரிக் கழிவு விதிப்படி திரும்ப எடுக்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. காயலான் கடையில போட்டு ஆசிட்டை வாய்க்கால்ல கொட்ட விடாதீங்க. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28 இல்ல, 18 சதவீதம். பில்லுல பாருங்க.

தூத்துக்குடி_ஸ்டார்ட்ஸ்டாப்
சிக்னல்ல தானா அணைஞ்சு ஓடுற வண்டி வச்சிருக்கிறவங்க கவனம். அதுல ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். (அடிக்கடி ஸ்டார்ட் ஆகுறதைத் தாங்குற பேட்டரி வகைங்க) வந்திருந்தா அதே வகைதான் போடணும். விலை கூடன்னு சாதாரணத்தைப் போட்டா அடிக்கடி செல்ஃப் அடிச்சு சீக்கிரம் சாகும். மாறா, சாதாரண வண்டிக்கு ஏ.ஜி.எம். போட்டா நீடிக்கும்னு பணத்தைக் கொட்டவும் வேண்டாம். சூடான என்ஜின் பக்கத்துல அதுக்குப் பிடிக்காது, வத்தினா தண்ணி ஊத்தவும் வழியில்ல.

மைனஸ் கிளாம்ப்ல சின்னக் கறுப்புச் சென்சார் இருந்தா ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாதீங்க. ஹாரன், லைட் எர்த்தைப் பேட்டரி மைனஸ் குமிழ்ல நேரா கட்டாம பாடியில கட்டுங்க, இல்லன்னா சென்சார் கணக்கு தப்பும்.

அம்பை_டாக்சி
மாட்டுறது சொல்லி முடிக்கேன். 10 நம்பர் ஸ்பேனர். கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது பிளஸ் முதல்ல. பிளஸ்ஸைக் கழட்டும்போது ஸ்பேனர் பாடியில தட்டினாலும், மைனஸ் இல்லாததால ஒண்ணும் ஆகாது. பழைய பெட்டியைச் சுத்தி ஒரு துணி உறையோ பிளாஸ்டிக் கூடோ இருந்தா அதைத் தூக்கிப் போட விடாதீங்க. அது அலங்காரம் இல்ல, என்ஜின் சூட்டைத் தடுக்கிற கவசம். கடைப் பையன் கழட்டி ஓரமா எறிவான், நீங்கதான் எடுத்துக் கொடுக்கணும். மாட்டின பிறகு சில வண்டியில கண்ணாடி ஆட்டோ இறக்கம் வேலை செய்யாது. மேல ஏத்தி சுவிட்சை ரெண்டு மூணு விநாடி பிடிச்சா பெரும்பாலும் சரியாகும். ஐடில் கொஞ்சம் தடுமாறினா பயப்படாதீங்க, ஒரு நாள் ஓட்டத்துல பழகிக்கும். பாட்டு செட்டு கோடு (ரகசிய எண்) கேட்டா, அது எழுதின அட்டை வீட்டுல எங்க இருக்குன்னு கழட்டுறதுக்கு முன்னாடியே தேடி வைங்க.