கப்பலில் ஏறியதும் முதலில் செய்ய வேண்டியது

[மாலை 6:05] நிர்மல்: அனைவருக்கும் வணக்கம். கப்பல் நிறுவனத்திடமிருந்து இன்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. பாதுகாப்பு ஒத்திகைக்கான காணொளியை ஏறுவதற்கு முன்பே கைப்பேசிச் செயலியில் பார்த்துவிடலாம் என்றும், ஏறிய பிறகு நமக்கு ஒதுக்கப்பட்ட மஸ்டர் ஸ்டேஷனுக்கு, அதாவது கூடுமிடத்துக்கு, ஒருமுறை வந்து அறை அட்டையைக் காட்டினால் போதும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அங்கே எல்லாரும் போக வேண்டுமா, அல்லது நானே எல்லா அட்டைகளையும் எடுத்துச் சென்று காட்டிவிட்டு வரலாமா? ஏறும் நாளில் பாட்டியையும் பிள்ளைகளையும் அலைக்கழிக்க வேண்டாமே என்றுதான் கேட்கிறேன்.

[மாலை 6:11] கவிதா: எனக்கும் அதே யோசனைதான், தம்பி. ஆனால் வீட்டிலேயே கப்பல் அதிகாரியாக இருந்தவர் ஒருவர் இருக்கும்போது நாமாக முடிவெடுக்க வேண்டாம். பெரியப்பா, நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள்.

[மாலை 6:48] சுந்தரம்: ஒவ்வொருவரும் நேரில் போக வேண்டும், நிர்மல். ஒருவர் அட்டையை இன்னொருவர் கொண்டுபோய்க் காட்டுவதை ஊழியர்கள் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. ஒத்திகைக்கு வர மறுப்பவரைத் துறைமுகத்திலேயே இறக்கிவிடக் கேப்டனுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் விதிக்குப் பயந்து போக வேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. காணொளியில் காட்டப்படும் சைரன் ஒலியையும் உயிர்காப்பு அங்கி அணியும் முறையையும் எங்கிருந்து வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். உங்கள் அறைக் கதவிலிருந்து கூடுமிடம் வரை உள்ள வழியை மட்டும் உங்கள் கால்களால் நடந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

[மாலை 6:55] நிர்மல்: புரிகிறது, பெரியப்பா. ஆயினும் ஒரு சந்தேகம். முன்பெல்லாம் எல்லாப் பயணிகளையும் ஒரே நேரத்தில் நிற்கவைத்து ஒத்திகை நடத்தினார்கள் என்று படித்தேன். இப்போது அவர்களே அதைச் சுருக்கிவிட்டார்கள் என்றால், அது அவ்வளவு முக்கியமில்லை என்றுதானே பொருள்?

[மாலை 7:20] சுந்தரம்: அப்படிப் பொருள் கொள்ளாதே. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டம் சேர்வதைத் தவிர்ப்பதற்காகச் சில நிறுவனங்கள் இந்தப் புதிய முறையைக் கொண்டுவந்தன. ஆயிரக்கணக்கானோர் வெயிலில் நெருக்கியடித்து நிற்கும்போது அறிவிப்பு யார் காதிலும் சரியாக விழாது என்பதால், அந்தப் பழைய முறைக்கும் குறைகள் இருந்தன. புதிய முறையில் அவரவர் நிதானமாகக் காணொளி பார்க்கலாம். கூடுமிடத்தில் ஊழியரிடம் நேரடியாகக் கேள்வியும் கேட்கலாம். அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்பவர்களுக்கு அது நல்ல முறை. காணொளியை ஓடவிட்டுவிட்டு, லிஃப்டில் இறங்கி, அட்டையைக் காட்டித் திரும்புகிறவர்களுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

இந்த ஒத்திகை ஏன் புறப்படுவதற்கு முன்பே நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2012 ஜனவரி 13-ஆம் தேதி இரவு, இத்தாலியின் ஜில்யோ தீவுக்கு அருகே கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதியது. அதில் 4,229 பேர் இருந்தார்கள். அன்று மாலைதான் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் 600-க்கும் மேற்பட்ட பயணிகள் ஏறியிருந்தார்கள். அவர்களுக்கான ஒத்திகை மறுநாளைக்கு வைக்கப்பட்டிருந்தது. பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடந்தால் போதும் என்பதுதான் அன்றைய பன்னாட்டு விதி என்பதால், அதில் விதிமீறல் எதுவும் இல்லை. மோதி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே கப்பலைக் கைவிடும் உத்தரவு வந்தது; அதற்குள் கப்பல் சாய்ந்துவிட்டதால், உயர்ந்துபோன பக்கத்தில் இருந்த படகுகளை இறக்குவதே பெரும்பாடாகிவிட்டது. 32 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டே நிறுவனங்கள் தாமாக முன்வந்து நடைமுறையை மாற்றிக்கொண்டன. 2015 ஜனவரி 1 முதல், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையும் திருத்தப்பட்டது. டைட்டானிக் விபத்துக்குப் பின் 1914-இல் உருவான உடன்படிக்கையின் தொடர்ச்சிதான் அது.

[மாலை 7:31] மீனாட்சி: அண்ணா, படிக்கவே மனம் பதறுகிறது. சைரன் ஒலித்தாலே கப்பலை விட்டு இறங்க வேண்டும் என்றுதான் அர்த்தமா?

[மாலை 7:44] சுந்தரம்: இல்லை, மீனா. ஏழோ அதற்கு மேலோ குறுகிய ஒலிகளும், அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், கூடுமிடத்துக்கு வாருங்கள் என்று மட்டுமே அர்த்தம். கப்பலைக் கைவிடுவது கேப்டன் தனியாகப் பிறப்பிக்கும் உத்தரவு. கடலில் இருப்பதிலேயே பாதுகாப்பான இடம் பெரும்பாலும் கப்பல்தான் என்பதால், அந்த உத்தரவு வராமலே பல அவசரநிலைகள் முடிந்துவிடும். 2019 மார்ச்சில் நார்வே கடற்கரைக்கு அருகே வைக்கிங் ஸ்கை என்ற கப்பல் புயலில் எஞ்சின்களை இழந்தபோது, 1,373 பேர் அதில் இருந்தார்கள். அலையின் சீற்றத்தில் படகுகளை இறக்கவே முடியாத நிலையில், பயணிகள் உயிர்காப்பு அங்கியுடன் கூடுமிடங்களில் பல மணி நேரம் காத்திருந்தார்கள். ஒரு பகுதியினரை ஹெலிகாப்டர்கள் ஏற்றிச் சென்றன, மற்றவர்கள் மறுநாள் அதே கப்பலில் துறைமுகம் சேர்ந்தார்கள்.

[மாலை 7:52] கவிதா: அப்படியானால் ஒத்திகையில் ஏன் நம்மைப் படகில் ஏற்றி இறக்கிக் காட்டுவதில்லை, பெரியப்பா? அதுதானே உண்மையில் கடினமான வேலை?

[இரவு 8:15] சுந்தரம்: படகை இறக்குவது ஆபத்தான வேலை, கவிதா. 2013-இல் கேனரி தீவுகளின் லா பால்மாவில், பயிற்சியின்போது படகைத் தாங்கிய கம்பிவடம் அறுந்து ஐந்து ஊழியர்கள் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே அந்த அபாயம் உண்டு என்னும்போது, பயணிகளை வைத்து அதைச் செய்துபார்ப்பது நியாயமாகாது. வாராவாரம் பயிற்சி செய்யும் ஊழியர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

பயணிகளின் பங்கு, சொன்ன இடத்துக்கு வந்து சேர்வதும் எண்ணிக்கைக்கு நிற்பதும்தான். கப்பலைக் கைவிடும் உத்தரவு வந்ததிலிருந்து 30 நிமிடங்களுக்குள் எல்லாப் படகுகளும் ஆட்களுடன் இறங்கிவிட வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் அந்த 30 நிமிடங்கள், எல்லாரும் கூடி உயிர்காப்பு அங்கியும் அணிந்து முடித்த பிறகு கொடுக்கப்படும் உத்தரவிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. கூடுவதற்கு ஆகும் தாமதத்தை எந்தப் பொறியியலாலும் ஈடுகட்ட முடியாது. எண்ணிக்கையில் ஒருவர் குறைந்தால், அவரைத் தேடி ஓர் ஊழியர் புகை சூழ்ந்த தளத்துக்குள் திரும்பிப் போக நேரிடலாம். நான் பணியில் இருந்த காலத்தில் ஒத்திகை நாளன்று என்னை வாட்டிய கவலை இது ஒன்றுதான். தங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி அறையிலேயே தங்கிவிடும் ஒருவருக்காக, அவரை அறிந்தேயிராத ஓர் இளைஞன் தன் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும்.

[இரவு 8:21] நிர்மல்: இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை, பெரியப்பா. எல்லாருமே போகிறோம். நடக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

[இரவு 8:50] சுந்தரம்: முதலில் அறைக்குப் போங்கள், நேராகக் கூடுமிடத்துக்குப் போய்விட்டால் வழி தெரியாது. அறைக் கதவின் உட்புறத்தில் ஒரு வரைபடம் ஒட்டியிருக்கும். கூடுமிடத்தின் எழுத்தோ எண்ணோ அதிலும் அறை அட்டையிலும் இருக்கும். தீ விபத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்பதால், படிக்கட்டு வழியாகவே நடங்கள். கதவை விட்டு வெளியே வந்ததும் இடப்பக்கமா வலப்பக்கமா, படிக்கட்டுக்கு முன் எத்தனை கதவுகள், அங்கிருந்து ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்பதைப் பிள்ளைகளையே சொல்லவையுங்கள். மின்சாரம் போனாலும் தரையை ஒட்டி ஒளிரும் பட்டை வழிகாட்டும். புகை மேலே தங்கும் என்பதால்தான் அது அவ்வளவு தாழ்வாக இருக்கிறது. திரும்பி வரும்போது வேறொரு படிக்கட்டு வழியாக வாருங்கள், ஏனெனில் முதல் வழி அடைபட்டிருக்கலாம்.

உயிர்காப்பு அங்கி அறை அலமாரியில் இருக்கிறதா, கூடுமிடத்தில்தான் தருவார்களா என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்கு உரிய அளவு அறையில் இல்லையென்றால் அன்றே அறைப் பணியாளரிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும். பெரியவர்களின் அங்கியைச் சிறு பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது மேலே நழுவி, முகத்தை மூடிவிடும். மாட்டிய பிறகு இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் இடுப்புப் பட்டையை இன்னும் இறுக்க வேண்டும். அதில் ஒரு விசிலும் சிறு விளக்கும் இருக்கும், அவை எந்தப் பக்கம் இருக்கின்றன என்று விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

[இரவு 9:02] கவிதா: பிள்ளைகள் விளையாட்டு அறையில் இருக்கும்போது சைரன் ஒலித்தால் நாங்கள் ஓடிப்போய் அழைத்துவர வேண்டுமா? எங்கள் மூன்று அறைகளும் வெவ்வேறு தளங்களில் வந்தால் என்ன செய்வது?

[இரவு 9:14] சுந்தரம்: பிள்ளைகளை அங்கே பதிவு செய்யும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடு. பல கப்பல்களில் கூடுமிடக் குறியீடு உள்ள கைப்பட்டையைக் குழந்தைக்குக் கட்டுவார்கள். ஊழியர்களே அழைத்துவந்து ஒப்படைப்பார்கள். கூட்டம் ஒரு திசையில் இறங்கிக்கொண்டிருக்கும்போது பெற்றோர் எதிர்த்திசையில் ஏறிப்போனால், கடைசியில் இருவருமே ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருப்பார்கள். வெவ்வேறு அறைகளுக்கு வெவ்வேறு கூடுமிடங்கள் அமையலாம். அப்படி அமைந்தால், முடிந்தால் ஒன்றாக்கித் தரும்படி ஏறிய உடனே வரவேற்பு மேசையில் கேளுங்கள்; முடியாதென்றால் அவரவர் இடத்துக்கே போக வேண்டும், மற்றவர்களுக்காக வழியில் காத்திருக்கக் கூடாது.

[இரவு 9:20] மீனாட்சி: அண்ணா, எனக்கு இருக்கும் ஒரே கவலை அம்மாதான். முழங்கால் வலியோடு அவர்களால் நான்கு தளம் படியிறங்க முடியாது. இதை யாரிடம் சொல்வது?

[இரவு 9:37] சுந்தரம்: இதை இப்போதே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடு, மீனா. அவசரநிலையில் சிறப்பு உதவி தேவைப்படுவதாகத் தெரிவித்தவர்களின் விவரம், கப்பல் புறப்படும் முன் கேப்டனிடம் இருக்க வேண்டும் என்பது விதி. தெரிவித்தால் அம்மாவின் அறைக்கு ஓர் ஊழியர் ஒதுக்கப்படுவார். படியிறக்கும் நாற்காலியும் உண்டு. அம்மா தயங்குவார்கள், தனக்காக யாரையும் சிரமப்படுத்தக் கூடாது என்பார்கள். அதைக் கேட்டு விட்டுவிடாதே. ஒத்திகை நாளில், அவசரநிலை வந்தால் யார் வருவார், நாற்காலி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்த ஊழியரிடமே கேட்டு, அம்மாவுக்கும் காட்டு. அம்மாவின் மருந்துகளைச் சிறு பையில் போட்டுப் படுக்கைக்கு அருகிலேயே வைத்திரு. சைரன் ஒலித்தால் அந்தப் பை, மூடிய காலணி, ஒரு கம்பளி ஆடை ஆகியவை போதும், வேறு எதற்காகவும் அறையில் நிற்க வேண்டாம்.

[இரவு 9:58] மீனாட்சி: முன்பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், அண்ணா. அம்மாவிடமும் பேசினேன். நாற்காலியில் உட்காருவதற்கு ஒப்புக்கொண்டார்கள்.

[இரவு 10:03] நிர்மல்: அறை எண்கள் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன், பெரியப்பா. ஏறியதும் நானும் மாமாவும் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளாமல், முதலில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரண்டு படிக்கட்டுகளிலும் நடந்துவிடுகிறோம்.

[இரவு 10:06] சுந்தரம்: நல்லது. அறை எண்களோடு தளங்களின் வரைபடத்தையும் அனுப்பு. அம்மாவின் அறைக்கு மிக அருகில் இருப்பது எந்தப் படிக்கட்டு என்று பார்த்துச் சொல்கிறேன்.