பாறை ஏறும் பக்கி: மேல் லிங்க் துளையை 60 மில்லிமீட்டர் ஏற்றிய கதை

குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். சொந்தமாக பக்கி (பாறை ஏறுவதற்குப் பைப் சட்டத்தில் கட்டும் வண்டி) கட்டுகிற பலர், லிங்க் (ஆக்ஸிலைச் சேசிஸோடு, அதாவது வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் தண்டு) பிராக்கெட்டை இடம் கிடைக்கிற இடத்தில் பற்றவைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் செய்தேன். அதில் பட்டதைச் சொல்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் கீழே எழுதுங்கள்.

இன்ஜினும் ரெண்டு ஆக்ஸிலும் பழைய ஜிப்ஸியில் எடுத்தவை. ஜிப்ஸிக்கு முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். அதைத் தூக்கிவிட்டு பைப் சேசிஸ் கட்டி, பின்னால் நாலு லிங்கும் (கீழே ரெண்டு, மேலே ரெண்டு) காயில் ஓவரும் (சுருள் ஸ்பிரிங் சுற்றிய ஷாக்) போட்டோம். வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம்) 2400 மில்லிமீட்டர், டயர் 31 இஞ்ச். இப்படிக் கட்டிய வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. காட்டுக்குள் கொண்டுபோகவும் மாட்டோம். டெம்போவில் ஏற்றி, சித்தப்பாவின் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் கைவிட்டுக் கிடக்கும் கல்குவாரிக்குக் கொண்டுபோவோம்.

அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு படிப்பாறை இருக்கிறது. நம்ம மாவட்டத்தில் ரெண்டு பருவமழையும் பெய்வதால் அதன்மேல் பாசி காயவே காயாது. தம்பி ஓட்டினான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன் வீல்கள் ஏறிவிட்டன. பின் வீல்கள் பாறையைத் தொட்டதும் அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். அப்போது வண்டியின் பின்பக்கம் மேலே எழுந்தது. பாடிக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே அதுவரை நாலு விரல் இடம். என் முழங்கையே நுழையும் அளவுக்கு அது விரிந்தது. அடுத்த நொடி டயர் வழுக்கி பாடி தடாலென்று உட்கார்ந்தது, மறுபடி எழுந்தது. பாசி உரிந்து பாறையில் வெள்ளைக் கோடுகள் விழுந்ததுதான் மிச்சம், வண்டி ஒரு அடிகூட ஏறவில்லை. கூட வந்திருந்த லேத் ஆசான் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, முடுக்க முடுக்க வண்டி எந்திரிச்சுல்லா நிக்குது. பெறவு பாறையை எப்படிப் பிடிக்கும்? லிங்கைப் பாரு, கேட்டியா."

அன்று ராத்திரி பட்டறைச் சுவரில் சாக்பீஸால் வண்டியை முழு அளவில் வரைந்தோம். தரைக்கு ரசமட்டம், அச்சுகளுக்குத் தூக்குக்குண்டு. இனி வரும் அளவெல்லாம் மில்லிமீட்டர், உயரமெல்லாம் தரையிலிருந்து. கீழ் லிங்க் ஆக்ஸிலில் 330 உயரத்தில் தொடங்கி 800 தள்ளி சேசிஸில் 380 உயரத்தில் முடிகிறது. மேல் லிங்க் ஆக்ஸிலில் 530, அங்கிருந்து 600 தள்ளி சேசிஸில் 430. (மேலிருந்து பார்த்தால் மேல் லிங்க் சாய்வாகப் போவதால் அதன் உண்மையான நீளம் இதைவிட அதிகம். பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிற நீளத்தைத்தான் கணக்கில் எடுக்கவேண்டும். நிறையப் பேர் தவறுவது இங்கேதான்.) ரெண்டு லிங்கின் கோட்டையும் நூல் கட்டி முன்னால் இழுத்தோம். பின் அச்சிலிருந்து 873 தூரத்தில், ஏறக்குறைய 385 உயரத்தில் ரெண்டும் சந்தித்தன. பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியாக இன்னொரு நூல். அது முன் அச்சுக்கு மேலே 1057 உயரத்தில் போனது. வண்டியின் எடை மையம் 700 உயரத்தில் இருக்கும் என்று வைத்திருந்தேன். 1057-ஐ 700-ஆல் வகுத்தால் 151 சதவீதம். ஆன்டி ஸ்க்வாட் என்று சொல்வது இதைத்தான்.

நூறில் இருந்தால், முடுக்கும்போது பின்பக்கம் எழவும் செய்யாது, அமுங்கவும் செய்யாது. நூறைத் தாண்டினால் எழும். நாலு வீலும் இழுக்கும் வண்டியில் பின் ஆக்ஸிலுக்குப் போகும் பங்கைப் பொறுத்து இது குறையும் என்பது உண்மை. ஆனால் செங்குத்தாக ஏறும்போது எடையெல்லாம் பின்னால் வந்துவிடும், இழுவையும் அங்கேதான். அதனால் எங்கள் 151 அந்தப் பாறையில் கிட்டத்தட்ட முழுசாகவே வேலை செய்தது.

மேல் லிங்கைச் சேசிஸில் 430-ல் ஏன் வைத்தோம் என்றால், சீட்டுக்குக் கீழே குறுக்குப் பைப் அங்கேதான் இருந்தது. வேறு காரணமே இல்லை. அடுத்த வாரம் 8 மில்லிமீட்டர் தகட்டில் புதுப் பிராக்கெட் வெட்டி, 430, 490, 530 என்று மூன்று துளை போட்டோம். அதே பாறை, அதே தம்பி, டயரில் அதே காற்று. 530 துளையில் குதிப்பு நின்றது. ஆனால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கியது, முன் டயர் பாறையைச் சும்மா தடவிக்கொண்டிருந்தது. கணக்கில் 57 சதவீதம். 490-க்கு மாற்றினோம், 95 வந்தது. வண்டி குதிக்காமல், வழுக்காமல், ஒரே மூச்சில் மேலே போய் நின்றது. தம்பி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் மேல் லிங்க் ரெண்டுக்கும் நடுவே மேலிருந்து பார்த்தால் முதலில் 25 டிகிரிதான் இருந்தது. பேன்ஹார்ட் ராடு (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குத் தண்டு) இல்லாத வண்டிக்கு அது போதாது; ஆக்ஸில் பக்கவாட்டில் அசைந்து டயர் லிங்கில் உரசியது. 40 டிகிரிக்கு விரித்த பிறகு அடங்கிவிட்டது.

மார்த்தாண்டத்திலிருந்து:

அண்ணே, எல்லாம் சரி, அந்த 700 எங்கிருந்து வந்தது? நானும் முதலில் கண்ணால் பார்த்துத்தான் வைத்தேன், பிறகு அளந்தபோது தப்பாக இருந்தது. லாரி எடை மேடையில் அளக்கப் போனால் வேலைக்கு ஆகாது, அது 10 கிலோ 10 கிலோவாகத்தான் காட்டும். நான் ரப்பர் ஷீட் கடையின் பிளாட்ஃபார்ம் தராசைக் கேட்டு வாங்கினேன். ஷாக்கைக் கழற்றி அந்த இடத்தில் வளையாத இரும்புத் தண்டு மாட்டிவிடுங்கள், ஸ்பிரிங் அசையக் கூடாது. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விட்டிருக்கணும். முதலில் சமதளத்தில் நாலு வீலின் எடை. அப்புறம் முன் வீல்களை 600 உயரத்துக்குத் தூக்கிக் கட்டைமேல் நிறுத்திப் பின் வீல்களின் எடை. பின்னால் கூடிய எடையை வீல்பேஸால் பெருக்குங்கள். மொத்த எடையைச் சாய்வின் டேஞ்சென்ட்டால் பெருக்கி, வரும் எண்ணால் முதல் எண்ணை வகுங்கள். உங்கள் வீல்பேஸுக்கு அந்த டேஞ்சென்ட் 0.258. வரும் எண்ணோடு ஆக்ஸில் மையத்தின் உயரத்தைக் கூட்டினால் எடை மையத்தின் உயரம் கிடைக்கும். சீட்டில் ஆளை உட்காரவைத்தே அளக்கணும், மறந்துவிடாதீர்கள்.

தக்கலையிலிருந்து:

என் அனுபவம் வேறு மாதிரி. ஆக்ஸிலில் கீழ் லிங்குக்கும் மேல் லிங்குக்கும் நடுவே 100 மில்லிமீட்டர்தான் விட்டேன். லிங்குக்குப் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தண்ணிப் பைப். பற்றவைத்த அன்று ராத்திரியே துத்தநாகப் புகையால் குளிர்க்காய்ச்சல் வந்தது, அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ரெண்டாவது ஓட்டத்தில் டயர் ஒரு இடுக்கில் மாட்டியது, கீழ் லிங்க் வில்லாக வளைந்துவிட்டது.

பிறகுதான் கணக்குப் போட்டேன். ஆக்ஸிலில் 330-லும் 430-லும் லிங்க் இருந்தால், டயர் தரையில் தள்ளும் விசையைப்போல 4.3 மடங்கு கீழ் லிங்குகளில் அமுக்கமாக வருகிறது. மேல் லிங்குகளில் 3.3 மடங்கு இழுப்பு. உங்களைப்போல 330, 530 என்று இருந்தால் அது 2.65, 1.65 ஆகிறது. ஒரு டயர் மட்டும் மாட்டினால் அவ்வளவும் ஒரே லிங்கில்தான் விழும். இடைவெளி டயர் உயரத்தில் கால் பங்காவது இருக்கட்டும். 31 இஞ்ச் டயருக்கு அது 200 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கீழ் லிங்குக்குத் தடித்த சீம்லெஸ் பைப் போடுங்கள், பாறையில் உரசுவது அதுதான். அப்புறம், ஒரு பக்க வீலைச் சங்கிலி பிளாக்கில் தூக்கி, மறுபக்க வீலை முழுசாகத் தொங்கவிட்டு, ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஜாயின்ட் எங்கேயாவது இறுகினால் பினியன் கோணம் (ஷாஃப்ட் ஆக்ஸிலோடு சேரும் இடத்தின் கோணம்) தப்பு. என் வண்டியில் இதைப் பார்க்காமல் விட்டதால் ஒரு கிராஸ் ஜாயின்ட் போனது.

குலசேகரத்திலிருந்து மறுபடி:

மார்த்தாண்டம் தம்பி சொன்னபடி தராசு வாங்கி இன்றைக்கு அளந்தோம். ஆளோடு மொத்தம் 960 கிலோ. முன்பக்கம் தூக்கியபோது பின்னால் கூடியது 37 கிலோ. ஆக்ஸில் மையம் 380. ஆக எடை மையம் 700 இல்லை, ஏறக்குறைய 740. என் 95 இப்போது 89 ஆகிவிட்டது, முதலில் இருந்த 151 உண்மையில் 143. துளை 490-லேயே இருக்கட்டும் என்று ஆசானும் சொல்லிவிட்டார். எடை மையம் கொஞ்சம் இறங்கட்டும் என்று ஸ்பேர் வீலை மட்டும் மேலிருந்து எடுத்து இறக்கிக் கட்டப் போகிறோம், அதற்கான பிராக்கெட்டை ஆசான் நாளைக்கு வெட்டித் தருகிறார்.