ஜீலாங் அணியின் ஆகச் சிறந்த வீரர் யார்? நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

தொடக்கப் பதிவு, ஜீலாங் வெஸ்ட்

நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தது 2008-இல். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கில் 44 வருடக் காத்திருப்பு முடிந்து ஜீலாங்குக்குக் கோப்பை வந்திருந்தது. இறுதிப் போட்டியில் போர்ட் அடிலெய்டை 119 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தியிருந்தார்கள். அந்த வித்தியாசத்தை இன்றுவரை எந்த இறுதிப் போட்டியும் தாண்டவில்லை. வேலையிடத்தில் தேநீர் நேரத்தில் ஒரே வழக்குதான் நடக்கும்: ஜீலாங்குக்கு ஆடிய, ஒரே பெயர் கொண்ட இரண்டு கேரி அப்லெட்டுகளில் பெரியவர் அப்பாவா மகனா?

என் வாக்கு இருவருக்கும் இல்லை. எனக்கு ஜோயல் செல்வுட்தான்.

எங்கள் சொந்த மைதானமான கார்டினியா பார்க்கில் எல்லைக்கோட்டுக்கு அருகே உட்கார்ந்திருந்த ஒரு நாள். பந்துக்குக் குனிந்தவர் எழுந்தபோது புருவத்தில் ரத்தம். ரத்தம் வழிந்தால் வீரர் வெளியே வந்தாக வேண்டும் என்பது விதி. எனக்குப் பத்தடி தூரத்தில் நின்றார். மருத்துவர் தலையைச் சுற்றிக் கட்டுப் போடுகிறார். இவர் கண்ணோ ஆட்டத்தை விட்டு அகலவில்லை. கட்டுப் போட்டு முடிப்பதற்குள் கால் மைதானத்துக்குள் போய்விட்டது. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, சொந்தப் பேரனைப் பார்ப்பதுபோல, இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

355 ஆட்டங்கள், அத்தனையும் ஜீலாங்குக்கே. அவற்றில் 245 தலைவராக; இந்த லீக்கில் வேறு யாரும் அத்தனை ஆட்டங்களுக்குத் தலைமை தாங்கியதில்லை. ஆட வந்த முதல் ஆண்டே ஒரு கோப்பை, பிறகு 2009, 2011, கடைசியாக 2022. அந்தக் கடைசிப் போட்டிக்கு மெல்பர்ன் மைதானத்தில் நானும் இருந்தேன். மகன் அப்லெட்டின் சின்னஞ்சிறு பையனைக் கைகளில் ஏந்தியபடி செல்வுட் ஓடி வந்தார். அந்தக் குழந்தைக்கு அரிய நோய் என்பது ஊருக்கே தெரியும். ஆட்டம் தொடங்கவே இல்லை, என்னைச் சுற்றி இருந்தவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான்காவது கால்பகுதியில் அவர் ஒரு கோல் அடித்தபோது அணி முழுவதும் வந்து அவர்மேல் விழுந்தது. சிட்னியை 81 புள்ளிகளில் வென்றோம். அடுத்த வாரமே ஓய்வை அறிவித்துவிட்டார்.

நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். கண்ணால் பார்த்தது வேண்டும்.

பதில், வெரிபி

நான் பார்த்ததில்லை, என் மாமா பார்த்திருக்கிறார். 1983 கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கூட வேலை செய்தவர்கள் பழக்கியதால் ஹாதார்ன் என்ற எதிரணியின் ரசிகர் ஆனார். 1989 இறுதிப் போட்டியில் ஹாதார்ன் பக்கம் உட்கார்ந்திருந்தவர் சொல்வது இது: "எங்கள் அணி முன்னாலேதான் இருந்தது. ஆனாலும் பந்து அப்லெட் இருந்த பக்கம் பறக்கும்போதெல்லாம் எங்கள் வரிசை முழுவதும் மூச்சை அடக்கிக்கொள்ளும்."

அப்பா அப்லெட் அன்று 9 கோல் அடித்தார். ஜீலாங் 6 புள்ளியில் தோற்றது. தோற்ற அணியில் இருந்தும் ஆட்டநாயகனுக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்கே போனது. ஜீலாங்குக்காக மொத்தம் 1,021 கோல். நான்கு இறுதிப் போட்டிகள் ஆடியும் ஒரு கோப்பைகூட இல்லை. எதிரணி ரசிகர் முப்பத்தைந்து வருடம் கழித்தும் எழுந்து நின்று நடித்துக் காட்டுகிறார் என்றால், அதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

மகனைப் பற்றி ஒரு வரி. 2020 இறுதிப் போட்டியை ஊரடங்கில் வீட்டில் இருந்து பார்த்தோம். தொடக்கத்திலேயே தோள் போய்விட்டது. உள்ளே போனவர் திரும்பி வந்து ஆடினார். தோற்று வெளியேறியபோது ரிச்மண்ட் வீரர்களும் வரிசையில் நின்று கைதட்டி அவரை வழியனுப்பினார்கள்.

பதில், பெல்மன்ட்

அண்ணா, நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு தாத்தா இருந்தார். பெயர்கள் எல்லாம் நினைவிலிருந்து உதிர்ந்துவிட்டன. மகளையே சில நாள் யாரென்று கேட்பார். ஒரு மதியம், தட்டில் இருந்த ஆரஞ்சுப் பழத்தை இடது உள்ளங்கையில் வைத்தார். வலது கையை முஷ்டியாக மடக்கி அடியிலிருந்து ஒரே அடி. பழம் மேசையைத் தாண்டி நேராக என் மடியில் வந்து விழுந்தது. "பாலி" என்றார். முகம் முழுவதும் சிரிப்பு.

பாலி ஃபார்மர் யாரென்று அன்று மாலைதான் அவருடைய மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்த நூங்கார் இனப் பழங்குடி வீரர். 1962-இல் ஜீலாங்குக்கு வந்தார், அடுத்த ஆண்டே ஹாதார்னை வென்று கோப்பை. தாத்தா அன்று பத்தொன்பது வயதுப் பையன், மைதானத்தில் இருந்தாராம். முஷ்டியால் பந்தைக் குத்தித் தள்ளும் ஹேண்ட்பால், அதுவரை வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டவன் செய்வது. ஃபார்மர்தான் அதைத் தாக்குதல் ஆயுதமாக்கினார். காற்றில் எழும்பிப் பந்தைப் பிடித்து, தரை தொடுவதற்குள் ஓடிவரும் சக வீரர் பில் காகினின் கையில் சேர்த்துவிடுவாராம். நிறுத்தி வைத்த காரின் திறந்த ஜன்னல் வழியாகப் பந்தை அனுப்பிப் பழகியவர்.

ஃபார்மருக்கும் கடைசிக் காலத்தில் நினைவு போய்விட்டது. 2019-இல் இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் நோய் இருந்தது. ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர் ஒருவருக்கு இந்த நோய் உறுதிசெய்யப்பட்டது அதுவே முதல் முறை. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தாத்தாவின் கையும் ஆரஞ்சுப் பழமும்தான் கண்முன் நின்றன.

தொடக்கப் பதிவர்

சகோதரி, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். ஃபார்மர் ஜீலாங்குக்கு ஆடியது 101 ஆட்டங்கள்தான் என்பதால் நான் அவரைக் கணக்கிலேயே எடுக்காமல் இருந்தேன். அது தவறு. செல்வுட் எத்தனை முறை அடிவாங்கிக்கொண்டே பந்தைக் குத்தி வெளியே அனுப்பியிருக்கிறார்! அந்த ஒவ்வொன்றும் ஃபார்மர் திறந்துவிட்ட வழி. என் மனம் இன்னும் செல்வுட்டிடம்தான் இருக்கிறது. ஆனால் ஆகச் சிறந்தவர் என்று ஒரே பெயர் எழுதச் சொன்னால், இனி ஃபார்மர் என்றுதான் எழுதுவேன்.

தலையில் கட்டோடு செல்வுட் திரும்ப ஓடியதை அன்று கைதட்டி ரசித்தவன் நான். இன்று அதே காட்சி வேறு மாதிரி தெரிகிறது.

என் மகள் சிறுவர் பயிற்சிக்குப் போகிறாள், வயது எட்டு. நேற்று கார் ஜன்னலை இறக்கிவிட்டு, ஐந்தடி தள்ளி நிற்கவைத்தேன். இருபது முறை குத்தினாள். ஏழு பந்து உள்ளே விழுந்தது. இருட்டிய பிறகும் உள்ளே வர மறுத்துவிட்டாள்.