உசிக் – பியூரி: ஒரு தீர்ப்புச் சொல்லுங்கோ

அண்ணாமார், தம்பிமார், 2024 டிசம்பர் 21 ரியாத்தில் நடக்கவிருக்கும் குத்துச்சண்டை வீரர்கள் உசிக் – பியூரி மறுமோதல் பற்றி ஒரு உதவி வேண்டும். வெள்ளவத்தையில் வழமையாகக் கூடும் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, தோற்கிற பக்கம் எல்லோருக்கும் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுப்பது என்று வேறு பேசி முடித்தாயிற்று.

நான் உசிக் பக்கம். 2024 மே 18 முதல் சண்டையில் 9ஆம் சுற்றில் அந்த இடது கை குத்துக்குப் பிறகு பியூரி கயிற்றில் மோதி மோதித் தள்ளாடியதைப் பார்த்த எவனும் மறுபக்கம் போகமாட்டான். ஆனால் எதிராளிகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல். புள்ளி நடுவர்களில் இருவர் 115-112, 114-113 என்று உசிக்குக்குக் கொடுக்க, மூன்றாமவர் 114-113 என்று பியூரிக்குக் கொடுத்தார். அந்த 9ஆம் சுற்றில் பியூரி விழுந்ததாகக் கொண்டு மேடை நடுவர் எண்ணியிராவிட்டால் 10-8 (சுற்றை வென்றவருக்கு 10, விழுந்தவருக்கு 8) என்பது 10-9 ஆகி, உசிக்குக்கு 114-113 கொடுத்தவரின் அட்டை சமநிலைக்கு வந்து, ஆளுக்கொரு அட்டையோடு முழுச் சண்டையுமே சமநிலையில் முடிந்திருக்கும்! நடுச் சுற்றுகளில் பியூரி கீழிருந்து மேலே வீசிய குத்துகளும் சும்மா இல்லை. ஆள் 6 அடி 9 அங்குலம், உசிக் 6 அடி 3.

முதல் சண்டையைச் சுற்றுச் சுற்றாகப் புள்ளி போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் கணக்கைக் கீழே போடுங்கள், குறிப்பாக 1 முதல் 7 வரை. உசிக் இம்முறை ஆரம்பத்திலேயே உடம்பைக் குறிவைத்தால் பியூரி தாங்குவாரா? பியூரி ரசிகர்களும் எழுதலாம், கெட்ட வார்த்தை மட்டும் வேண்டாம். அப்புறம், ஞாயிறு விடியப்புறம் கொழும்பில் சேர்ந்து பார்க்க எங்கே இடம் கிடைக்கும்?