கம்பம் – குமுளி சொந்தங்கள் குழு: ரேடியேட்டரை ஒட்டுவதா, மாற்றுவதா?

நான்: லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது வண்டி சூடாகிவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்ததும் ஓரம் கட்டிவிட்டேன். முன்னால் ஒரே ஆவி. நான் மட்டும்தான் வந்தேன், அம்மா குமுளி வீட்டில் இருக்கிறார். யாரும் பயப்பட வேண்டாம்.

அக்கா: ரேடியேட்டர் மூடியைத் திறக்காதேடா!!

மச்சான்: இன்ஜினை அணைத்துவிட்டாய்தானே மாப்ள? நன்றாக ஆறும்வரை மூடியில் கை வைக்காதே. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் நூறு டிகிரியைத் தாண்டி நிற்கும். மூடி கழன்ற நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். பச்சைத் தண்ணீரும் இப்போது ஊற்றாதே. சூட்டில் இருக்கிற ஹெட், அதாவது இன்ஜினின் மேல் பாகம், விரிசல் விட்டுவிடும்.

நான்: சரி மச்சான்.

பெரியப்பா: எஸ்டேட் ஜீப் ஏதாவது வரும். கை காட்டு. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போ. ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதே.

நான்: குமுளி வந்து சேர்ந்தாச்சு. ஜீப்காரர் காசே வாங்கவில்லை. ரேடியேட்டரில் விரிசல். இங்கே வொர்க்‌ஷாப்பில் ஒட்டித் தர 900 ரூபாய் கேட்கிறார்கள். புதுசு என்றால் கூலியோடு 6,500. வெள்ளிக்கிழமை அம்மாவைத் தேனி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பெரியப்பா: எதற்குப் புதுசு? வண்டன்மேட்டில் ஏலக்காய் ஏற்றிய ஜீப்புக்கு எத்தனை தடவை ரேடியேட்டர் பற்ற வைத்திருக்கிறேன். கழற்றிக் கொடுத்தால் தொட்டியில் முக்கி, காற்று அடித்து, குமிழ் வருகிற இடத்தில் ஈயம் வைத்துக் கொடுப்பார்கள். மறுபடியும் பல வருஷம் ஓடும். நல்ல சாமானைத் தூக்கி எறிவது பாவம் ஐயா.

சித்தி: மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்று எங்கள் லாரி டிரைவர் சொல்வார். அதைப் போட்டுப் பார்த்தாயா தம்பி?

மச்சான்: முதலில் எங்கே விரிந்திருக்கிறது என்று பார்ப்போம். அது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. படம் அனுப்பு மாப்ள.

நான்: [படம்] மேல் ஹோஸ் மாட்டுகிற கழுத்துக்குப் பக்கத்தில். கறுப்பு டேங்கில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு.

மச்சான்: அப்படியானால் பெரியப்பா சொல்கிற வேலை இதில் நடக்காது. அவர் ஜீப்பில் இருந்தது தாமிரமும் பித்தளையும். ஈயம் பிடிக்கும். இதில் நடுவில் குழாயும் தகடுமாக இருக்கிற கோர் மட்டும் அலுமினியம். இரண்டு ஓரத்து டேங்கும் பிளாஸ்டிக். நடுவில் ரப்பர் வைத்து, அலுமினியப் பல்லை மடக்கி இறுக்கியிருப்பார்கள். பிளாஸ்டிக்கில் ஈயம் எங்கே நிற்கும்?

பெரியப்பா: அது சரி. பிளாஸ்டிக் என்றால் வேறு கதைதான். எம்சீல் நிற்காதா?

கோவை அண்ணன்: இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்தது. நான் சொல்கிறேன் பெரியப்பா. அந்த டேங்க் கண்ணாடி இழை கலந்த நைலான். தினமும் சூடாகி, ஆறி, சூடாகி வருஷக்கணக்கில் போனதில் உயிர் போய் மொறுமொறுப்பாகிவிடும். கோடு கண்ணுக்குத் தெரிவது ஒரு இடத்தில்தான், ஆனால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் அதே வயசுதான். இங்கே ஒட்டினால் பக்கத்தில் விடும்.

அப்புறம் அழுத்தம். ரேடியேட்டர் மூடியைப் பார்த்தால் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே வெளிக்காற்றை விட ஏறத்தாழ ஒரு ‘பார்’ (அழுத்தத்தின் அளவு) கூடுதல் அழுத்தம் வரை அது பிடித்து வைக்கும் என்று அர்த்தம். குமுளி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அந்த அழுத்தம் இருப்பதால்தான் 115, 120 வரை கொதிக்காமல் தாங்குகிறது. ஒட்டு கொஞ்சம் கசிந்தாலும் அழுத்தம் போச்சு, உடனே கொதிக்கும். சமதளத்தில் நிற்கிற ஒட்டு மலை ஏற்றத்தில் நிற்காது. அம்மாவை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை வேண்டாம்.

அக்கா: வேண்டவே வேண்டாம்.

மச்சான்: சித்தி, மஞ்சள் தூள் ஊசிமுனை ஓட்டைக்கு, நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் ஊர் போய்ச் சேர உதவும். கடையில் விற்கிற ஒழுகல் நிறுத்தும் பவுடரும் அந்த மாதிரிதான். இந்த விரிசலை அது அடைக்காது. அடைக்கக்கூடாத மெல்லிய குழாய்களைத்தான் அடைக்கும்.

சித்தி: சரிப்பா. இனி யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நான்: ஒட்டுவது வேண்டாம், முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் இந்த மாதம் 6,500 கொஞ்சம் கஷ்டம். வேறு வழி ஏதாவது இருக்கிறதா?

மச்சான்: ஒன்று இருக்கிறது. டேங்கை மட்டும் மாற்றலாம். தேனியில் ரேடியேட்டர் வேலை மட்டும் செய்கிற கடைகள் உண்டு. பல்லை நிமிர்த்திப் பழைய டேங்கை எடுத்துவிட்டு, புது ரப்பர், புது டேங்க் வைத்து மறுபடி மடக்குவார்கள். இப்போதுதான் ஃபோனில் கேட்டேன், 2,200 சொன்னார். கோர் நன்றாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். கோர் எப்படி இருக்கிறது? கீழ் வரிசையில் இருக்கிற தகட்டை விரலால் லேசாகத் தேய்த்துப் பார். முன் ஓனர் என்ன தண்ணீர் ஊற்றினார் என்று தெரிந்தால் அதையும் சொல்.

நான்: [படம்] தேய்த்தால் தவிடு மாதிரி உதிர்கிறது. மூடிக்குள் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. முன் ஓனர் போர் தண்ணீர்தான் ஊற்றினாராம்.

கோவை அண்ணன்: முடிந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே படிந்திருக்கிறது, வெளியே தகடு உதிர்கிறது. தகடுதான் சூட்டைக் காற்றுக்குக் கொடுப்பது. இந்தக் கோருக்கு 2,200 செலவழிக்காதே. வருகிற வருஷம் கோர் போய்விடும், புதுசுக்கும் சேர்த்துச் செலவாகும். மாற்றிவிடு.

பெரியப்பா: ஆமாம் தம்பி. தகடு உதிர்ந்தால் நானும் மாற்றத்தான் சொல்வேன். பாதிப் பணம் நான் போட்டு விடுகிறேன். ஏலக்காய் விற்ற காசு கையில் இருக்கிறது, மறுபேச்சு வேண்டாம்.

நான்: பெரியப்பா...

பெரியப்பா: அம்மா கண்ணுக்காகத்தான். வேலையைப் பார்.

மச்சான்: பணம் கொடுக்கும் முன் ஒரு விஷயம் மாப்ள. ரேடியேட்டர் விரிந்ததால் சூடானதா, அல்லது வேறு எதனாலோ சூடாகி அழுத்தம் ஏறி ரேடியேட்டர் விரிந்ததா, அதைப் பார்க்க வேண்டும். தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்து விடுகிற தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டாலும், ஃபேன் சுற்றாவிட்டாலும் புது ரேடியேட்டரும் இதே கதிதான். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார். எண்ணெய் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம். அப்படியிருந்தால் செலவுக் கணக்கே வேறு.

நான்: எண்ணெய் சுத்தமாக இருக்கிறது. ஃபேனுக்கு நேரடியாகக் கரன்ட் கொடுத்துப் பார்த்தார்கள், சுற்றுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டார் மெக்கானிக் சேட்டன். சரியாகத் திறக்கிறது.

மச்சான்: நல்ல ஆள் அவர். விளக்கு எரிந்ததும் நீ நிறுத்தியதால் இன்ஜின் தப்பித்தது. இன்னும் இரண்டு வளைவு ஏறியிருந்தால் ஹெட் வளைந்திருக்கும், இந்தப் பேச்சே ரேடியேட்டரைப் பற்றி இருந்திருக்காது.

நான்: பழைய இரும்புக் கடையில் செகண்ட்ஸ் ரேடியேட்டர் 1,500க்கு இருக்கிறது என்கிறார்களே?

கோவை அண்ணன்: வேண்டாம். அதுவும் பிளாஸ்டிக் டேங்க்தான், அதற்கும் வயசாகியிருக்கும். புதுசு போடு. கம்பெனி ஒரிஜினலே வேண்டும் என்றில்லை, வாரன்டி பில்லோடு வருகிற நல்ல வெளிக் கம்பெனிச் சாமான் போதும். கூடவே மூடி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப் எல்லாம் புதுசு. மூடியில் பழைய மூடியில் இருக்கிற அதே எண்தான் இருக்க வேண்டும். 0.9க்குப் பதில் 1.1 போட்டால் அந்த வித்தியாசத்தைப் புது டேங்கும் ஹோஸும் சுமக்கும்.

நான்: தேனியில் எல்லாம் கிடைக்கிறது. பஸ்ஸில் போட்டு விடச் சொல்லியிருக்கிறேன். மொத்தம் 7,100 வருகிறது.

அக்கா: பழைய கூலண்ட்டைத் தரையில் கொட்ட விடாதே. இனிப்பாக இருக்குமாம், நாய் நக்கினால் செத்துப்போகும். வீட்டு வாசலில் கன்றுக்குட்டி வேறு நிற்கும்.

கோவை அண்ணன்: அக்கா சொல்வது உண்மை. கூலண்ட்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் விஷம். மூடி போட்ட கேனில் பிடித்து வைக்கச் சொல்.

நான்: மாட்டியாச்சு. கைப் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றிப் பார்த்தார், முள் இறங்கவில்லை. காற்று எல்லாம் வெளியேறும்வரை ஓட விட்டு, கூலண்ட் நிரப்பினார். லோயர் கேம்ப் வரை இறங்கி, மறுபடி ஏறி வந்துவிட்டேன். ஒரு சொட்டு இல்லை.

மச்சான்: ஏறும்போது டாப் கியரில் இழுக்க வைக்காதே. இரண்டாவதில் வை, இன்ஜின் சுற்றினால்தான் தண்ணீர்ப் பம்பும் சுற்றும். சூடு ஏறுகிற மாதிரித் தெரிந்தால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்து விடு. நமக்கு வேர்க்கும், இன்ஜின் பிழைக்கும். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்கள் வண்டிகளோடு வளைவுக்கு வளைவு நின்று நின்றுதான் ஏற வேண்டியிருக்கும். அப்போதுதான் இது வேலைக்கு ஆகும்.

அக்கா: வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? கம்பத்தில் நானும் ஏறிக்கொள்கிறேன்.

நான்: ஆறு மணிக்கு அக்கா. டிக்கியில் வைக்க ஒரு லிட்டர் கூலண்ட் வாங்கி வைத்துவிடு.

மச்சான்: நானே வாங்குகிறேன். தண்ணீர் கலந்தே வருவதைத்தான் வாங்குவேன், அப்படியே ஊற்றலாம். இப்போது என்ன நிறம் ஊற்றியிருக்கிறார்கள், பாட்டிலைப் படம் எடுத்துப் போடு. அதே வகைதான் வேண்டும்.

நான்: [படம்]