ஜோர்டன் லவ் தேறுவாரா? கிரீன் பே ரசிகர்கள் பேசலாம் (ஆகஸ்ட் 2023)

பச்சைமஞ்சள்

ஏப்ரலில் ஆரன் ரோஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனதிலிருந்து இங்கே ஒரே புலம்பலாக இருக்கிறது. பதினைந்து சீசன் நம் அமெரிக்கக் கால்பந்து அணி கிரீன் பே பேக்கர்ஸின் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவராக, இறங்கியவர், நான்கு தடவை எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கியவர், 2011 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க்கை 31-25 என்று வென்று சூப்பர் பவுல் கோப்பையைக் கொண்டுவந்தவர். அவர் போனது எனக்கும் வலிக்கிறது. ஆனால் துக்கம் விசாரித்தது போதும். செப்டம்பர் 10 அன்று சிகாகோவில் முதல் ஆட்டம், ஜோர்டன் லவ் இறங்கப் போகிறார்.

நான் அவரை நம்புகிறேன். 2005 டிராஃப்டில் (அணிகள் முறைபோட்டுக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுப்பது) 24ஆவது ஆளாக ரோஜர்ஸை எடுத்து, அப்போதைய குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் மூன்று வருடம் உட்கார வைத்தார்கள். 2020இல் 26ஆவது ஆளாக லவ்வை எடுத்து, ரோஜர்ஸுக்குப் பின்னால் அதே மூன்று வருடம். ஃபாவ்ருக்கு அடிபட்டு 2007இல் டாலஸில் ரோஜர்ஸ் இடையில் இறங்கினாரே, வீசிய 26 பந்தில் 18ஐ நம் ஆள் கையில் சேர்த்தாரே, அன்றைக்குத்தான் "இவன் ஆள் வேறு" என்று ஊருக்குத் தெரிந்தது. போன நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் லவ் இறங்கி 9 பந்தில் 6 சேர்த்து 113 யார்டு எடுத்தாரே, எனக்கு அதே உணர்வு வந்தது. இரண்டு ஆட்டமும் தோல்விதான். ஆனால் பையன் கை நடுங்கவில்லை.

கணக்குக்காரன்

நம்பிக்கை வைப்பது உங்கள் இஷ்டம். எதை வைத்து என்பதுதான் என் கேள்வி.

மூன்று வருடத்தில் லவ் வீசிய பந்து மொத்தம் 83. சேர்ந்தது 50. டச் டவுன் (எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்து ஆறு புள்ளி எடுப்பது) 3, எதிராளி கையில் கொடுத்தது, அதாவது இன்டர்செப்ஷன், 3. ஒரு குவார்ட்டர்பேக் ஒரு ஆட்டத்தில் முப்பது, முப்பத்தைந்து பந்து வீசுவார். அப்படிப் பார்த்தால் இரண்டரை ஆட்டத்தின் வேலை. இதை வைத்து நல்லவர் என்றும் சொல்ல முடியாது, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லும் ஃபிலடெல்ஃபியா ஆட்டம் வெறும் 9 பந்து.

கல்லூரிக் கணக்குக்குப் போனால் இன்னும் கவலை. யூட்டா ஸ்டேட்டில் 2018இல் 32 டச் டவுன், 6 இன்டர்செப்ஷன். அடுத்த வருடமே 20 டச் டவுன், 17 இன்டர்செப்ஷன். எந்த லவ் வரப் போகிறார்?

இன்னொன்று. அணி நிர்வாகமே முழுசாக நம்பவில்லை. முதல் சுற்றில் எடுத்த ஆளுக்கு ஐந்தாவது வருட ஆப்ஷன் உண்டு, அணி விரும்பினால் ஒப்பந்தத்தை ஒரு வருடம் கூட்டிக்கொள்ளலாம். லவ்வுக்கு அது சுமார் 2 கோடி டாலர். அதை எடுக்காமல், மே மாதம் ஒரே ஒரு வருடத்துக்கு நீட்டித்து, 1 கோடியே 35 லட்சம் டாலருக்கு மட்டும் உத்தரவாதம் கொடுத்தார்கள். நன்றாக ஆடினால் 2 கோடியே 25 லட்சம் வரை போகும். "முதலில் ஆடிக் காட்டு" என்பதற்கு இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

ஏரிக்கரை

கணக்கு சரிதான் தம்பி, ஆனால் அந்த 17 இன்டர்செப்ஷனுக்குப் பின்னால் என்ன நடந்தது என்றும் சொல்லுங்கள். 2018 முடிந்ததும் பயிற்சியாளர் மேட் வெல்ஸ் டெக்சாஸ் டெக்குக்குப் போய்விட்டார். கூட ஆடியவர்களிலும் பாதிக்கு மேல் கிளம்பிவிட்டார்கள். புது ஆட்கள், புது வழிமுறை. அதில் பையன் எல்லாவற்றையும் தானே இழுக்கப் பார்த்தார்.

ஒப்பந்த விஷயத்திலும் ஒரு பக்கம்தான் சொன்னீர்கள். ரோஜர்ஸ் போன பிறகும் இந்த வருடச் சம்பள வரம்பில் அவர் பெயரில் சுமார் 4 கோடி டாலர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு அணிக்கு மொத்த வரம்பே 22 கோடியே 48 லட்சம். ஆறில் ஒரு பங்கு ஆளே இல்லாமல் போகிற நேரத்தில் நிர்வாகம் கையை இறுக்கித்தான் பிடிக்கும். அவநம்பிக்கை என்று நான் அதைப் பார்க்கவில்லை.

கணக்குக்காரன்

அக்கா, அந்த 4 கோடிக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதுவும் என் கவலையைத்தான் கூட்டுகிறது. காசு இல்லாததால் யாரை வைத்து ஆடப் போகிறார்? ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிக்கிறவர்) டவான்டே ஆடம்ஸ் போன வருடமே லாஸ் வேகஸ் போனார். லாசார்டும் காப்பும் ரோஜர்ஸோடு ஜெட்ஸ் போனார்கள். இப்போது இருக்கிற ரிசீவர்களில் மூன்றாவது வருடம் ஆடுகிற ஆள் ஒருவர்கூட இல்லை. வாட்சனும் டூப்ஸும் இரண்டாவது வருடம், ரீடும் விக்ஸும் புதுசு. தடுக்கவும் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டில் மஸ்கிரேவ், கிராஃப்ட் இரண்டு பேரும் இந்த வருடம்தான் வந்தவர்கள். பந்து வீசுகிறவரும் புதுசு, பிடிக்கிறவர்களும் புதுசு. 2008இல் ரோஜர்ஸ் இறங்கியபோது பக்கத்தில் டொனால்ட் டிரைவர் நின்றார், கிரெக் ஜென்னிங்ஸ் நின்றார். லவ்வுக்கு அந்தத் துணை எங்கே?

அப்பிள்டன் புதியவர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வேலைக்காக இந்தப் பக்கம் வந்து எட்டு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் எல்லாரும் இதைத்தான் பேசுகிறார்கள். பதினோரு பேர் ஆடுகிற ஆட்டத்தில் ஒருவர் மாறினால் ஏன் இவ்வளவு பதற்றம்? மூன்று வருடம் அணியிலேயே இருந்தவர் ஏன் இன்னும் "புதுசு"?

ஏரிக்கரை

நல்ல கேள்வி. பந்து அவர் கைக்கு வந்த பிறகு சுமார் மூன்று விநாடிதான். அதற்குள் எதிரணியின் பின்வரிசை எப்படி நகர்கிறது என்று படிக்க வேண்டும், முதல் ரிசீவர் மூடப்பட்டிருந்தால் இரண்டாவது, மூன்றாவது ஆளைத் தேட வேண்டும். அந்த நேரத்தில் நூற்றைம்பது கிலோ ஆள் ஒருவர் அவரை நோக்கி ஓடி வருகிறார். மற்ற பத்துப் பேரின் உழைப்பும் அந்த மூன்று விநாடியை நம்பித்தான் இருக்கிறது.

அணியில் இருந்தும் புதுசாக இருப்பதற்குக் காரணம் பயிற்சி நடக்கும் விதம். சீசன் தொடங்கிவிட்டால் நம் ஆட்டத்தைப் பழகும் வாய்ப்பு பெரும்பாலும் முதல் ஆளுக்குத்தான். மாற்று ஆள் அடுத்த வாரத்து எதிரணியின் குவார்ட்டர்பேக் மாதிரி ஆடிக் காட்டுவார். அட்டையில் வரைந்திருக்கும் அவர்கள் ஆட்டத்தைப் பார்த்து அப்படியே வீசுவார், நம் தடுப்பாட்டக்காரர்கள் பழக. போதாததற்கு லவ் வந்த 2020 கோவிட் வருடம், பயிற்சி ஆட்டங்களே நடக்கவில்லை. அந்த சீசனில் ஒரு ஆட்டத்தில்கூட அவர் களப் பட்டியலில் இல்லை.

சிகாகோ கரடி

எதிர் முகாமிலிருந்து வருகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ரோஜர்ஸ் எங்களை முப்பது ஆட்டத்தில் இருபத்தைந்து தடவை தோற்கடித்தவர். அவர் போனதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் உங்கள் பேச்சில் ஒன்று உறுத்துகிறது. ஃபாவ்ர் வந்தார், ரோஜர்ஸ் வந்தார், ஆகவே லவ்வும் வருவார் என்கிறீர்கள். முப்பது வருடம் உங்கள் வீட்டில் விளக்கு அணையவில்லை என்பதற்காக எண்ணெய் தானாக ஊறும் என்று நினைக்காதீர்கள். எங்கள் கதையைக் கேளுங்கள். 2017இல் இரண்டாவது ஆளாக மிட்ச் டிருபிஸ்கியை எடுத்தோம். அதே டிராஃப்டில் பத்தாவதாகப் போனவர், பின்னால் உச்ச குவார்ட்டர்பேக் ஆன பேட்ரிக் மஹோம்ஸ். நாங்களும் அந்த வருடம் உங்களைப் போலத்தான் நம்பினோம், ஒவ்வொரு நல்ல வீச்சையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். இன்றுவரை எங்கள் அணியில் ஒரு சீசனில் 4,000 யார்டு வீசியவர் ஒருவர்கூடக் கிடையாது.

பொறுமையாக உட்கார வைத்தால் தேறிவிடுவார் என்பதும் விதியல்ல. பிராக் ஆஸ்வைலர் டென்வரில் பேய்ட்டன் மேனிங்குக்குப் பின்னால் வருடக்கணக்காக உட்கார்ந்தார். ஹூஸ்டன் 2016இல் 7 கோடியே 20 லட்சம் டாலர் பேசிக் கூட்டிப்போனது. ஒரே வருடத்தில் வேண்டாம் என்று கிளீவ்லாந்துக்குத் தள்ளிவிட்டது. அவர் உட்கார்ந்தது மஹா குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில்தானே?

பச்சைமஞ்சள்

ஆஸ்வைலர் உதாரணம் குத்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் டென்வர் அவரை உட்கார மட்டும்தான் வைத்தது. இங்கே 2022இல் பயிற்சியாளர் டாம் கிளமென்ட்ஸ் ஓய்விலிருந்து திரும்பி வந்தார், ரோஜர்ஸின் தொடக்க காலத்தில் அவரோடு வேலை செய்தவர். லவ்வின் வித்தியாசம் அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரிகிறது.

2021 நவம்பர் 7, கான்சஸ் சிட்டி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜர்ஸுக்குக் கோவிட், லவ்வுக்கு முதல் முழு ஆட்டம். எதிரணி ஐந்து ஆறு பேரை ஒரே நேரத்தில் அவர் மேல் அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தை நான் நான்கு தடவை பார்த்திருக்கிறேன். ஆள் நெருங்கியதும் லவ் எடையைப் பின்காலில் போட்டுச் சாய்ந்துகொண்டே வீசுவார், பந்து ரிசீவரின் தலைக்கு மேல் போகும். மறுபடியும் அதே. மறுபடியும். 34 பந்தில் 19, 190 யார்டு, 13-7 தோல்வி.

ஒரு வருடம் கழித்து ஃபிலடெல்ஃபியா. கால்களைப் பாருங்கள். பந்து வந்ததும் சின்னதாகப் பின்னால் எடுத்து வைக்கிறார், முன்கால் இலக்கை நோக்கி ஊன்றுகிறது, அடுத்த நொடி பந்து கையை விட்டுப் போய்விட்டது. குறுக்கே ஓடி வந்த வாட்சனின் மார்புக்கு நேராக. வாட்சன் வேகம் குறைக்கத் தேவையே இல்லாமல் பிடித்து அப்படியே ஓடினார், 63 யார்டு டச் டவுன். ஓட்டம் வாட்சனுடையதுதான். ஆனால் பந்து ஒரு அடி பின்னால் விழுந்திருந்தால் அந்த ஓட்டமே இல்லை. ஒன்பது பந்து என்று கணக்குக்காரர் சொல்கிறார். சரி. ஆனால் காலை எப்படி ஊன்றுகிறார் என்று பார்க்க ஒன்பது பந்து போதும்.

கணக்குக்காரன்

இதை நியாயமான வாதமாக எடுத்துக்கொள்கிறேன். அந்த வீச்சை இப்போதுதான் மறுபடி பார்த்தேன், கால் விஷயம் உண்மை. ஆனால் அன்றைக்கு ஃபிலடெல்ஃபியா அவருக்கென்று தயாராகவே இல்லை. அவர்கள் ஒரு வாரம் படித்தது ரோஜர்ஸை. லவ்தான் இறங்குவார் என்று தெரிந்து தயாராகி வந்த ஒரே அணி கான்சஸ் சிட்டி. அங்கே என்ன ஆனது என்று நீங்களே சொன்னீர்கள்.

ஏரிக்கரை

அந்தத் தோல்வியை முழுக்க அவர் தலையில் கட்டாதீர்கள் தம்பி. அன்று நம் ஃபீல்டு கோல் (உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) ஒன்று தவறியது, இன்னொன்று தடுக்கப்பட்டது. ஆறு புள்ளி. தோற்றதும் ஆறு புள்ளியில்தான். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் லாஃப்ளூரே பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார், பையனுக்கு ஏற்ற திட்டம் தான் கொடுக்கவில்லை என்று.

மில்வாக்கி அண்ணாச்சி

எல்லாரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். நான் 1986இல் மில்வாக்கி வந்தவன். அப்போது பேக்கர்ஸ் சில ஆட்டங்களை இங்கே கவுன்ட்டி ஸ்டேடியத்தில் ஆடுவார்கள். பேஸ்பால் மைதானம், இடம் போதாது, இரண்டு அணியின் பெஞ்சும் ஒரே ஓரத்தில் இருக்கும். எதிரணிக்காரனும் நம்மவனும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருப்போம். 1968இலிருந்து 1992 வரை சீசன் முடிந்து நடக்கும் பிளே ஆஃப் சுற்றைப் பார்த்தது இரண்டே தடவை, 1972இலும் 1982இலும். சிகாகோ தம்பி சொன்ன வலி எங்களுக்குத் தெரியாதது இல்லை. முப்பது வருடமாகத்தான் மறந்திருக்கிறோம்.

ஃபாவ்ர் வந்தபோது யாரும் மாலை போடவில்லை. அட்லாண்டாவில் நான்கு பந்து வீசி ஒன்றும் சேராமல், இரண்டை எதிராளியிடம் கொடுத்தவர். அந்த ஆளுக்கு ஒரு முதல் சுற்று வாய்ப்பைக் கொடுத்து வாங்குகிறார்களே என்று ஊரே முணுமுணுத்தது. 1992 செப்டம்பரில் அப்போதைய குவார்ட்டர்பேக் மஜ்கவ்ஸ்கிக்குக் கணுக்காலில் அடிபட்டதால்தான் இறங்கினார். சின்சினாட்டியோடு அன்று பல தடவை பந்தைத் தவறவிட்டார், திட்டினோம். 13 விநாடி இருக்கும்போது 35 யார்டு டச் டவுன் வீசி 24-23 என்று முடித்தார்.

ரோஜர்ஸ் கதையும் அப்படித்தான். 2008 கோடையில் ஃபாவ்ர் திரும்பி வரப் பார்த்தபோது, பயிற்சியில் ரோஜர்ஸைப் பார்த்துக் கூச்சலிட்டவர்கள் உண்டு. நம் ஆட்களேதான். முந்தைய வருடம் 13-3 (13 வெற்றி, 3 தோல்வி) எடுத்த அணி அவர் கையில் 6-10 ஆனது. 28 டச் டவுன், 4,000 யார்டுக்கு மேல் வீசியும் 6-10. அன்று "ஃபாவ்ரை அனுப்பியது தப்பு" என்று என் நண்பர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். இன்றுவரை எனக்கு அது உறுத்தல்.

அதனால் லவ் தேறுவார் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. நான் கேட்பது ஒன்றுதான். அக்டோபரில் அணி 2-5 என்று நின்றால் பையனை மைதானத்திலேயே கூச்சலிட்டு விரட்டாதீர்கள். முழு சீசன் கொடுங்கள்.

சிகாகோ கரடி

அண்ணாச்சி சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. எங்கள் ஊரில் நாங்கள் செய்யாதது அதுதான்.

கணக்குக்காரன்

முழு சீசன் கொடுப்பதில் எனக்கும் சம்மதம். என் கவலை வேறு அண்ணாச்சி. நீட்டிப்பு 2024 வரைதான். இந்த வருடம் 6-11 என்று முடிந்து, ஆனால் சில ஆட்டங்களில் அருமையாக ஆடியிருந்தால் என்ன செய்வது? பெரிய ஒப்பந்தமா, புது டிராஃப்டா? நம்புவதும் நம்பாததும் நமக்குச் சுலபம், அந்த முடிவை எடுக்க வேண்டிய பொது மேலாளர் குட்டகுன்ஸ்டுக்குத்தான் கஷ்டம். எட்டாவது, ஒன்பதாவது ஆட்டத்துக்குப் பிறகு இன்டர்செப்ஷன் குறைகிறதா என்று பார்ப்பேன். குறைந்தால் இங்கேயே வந்து ஒப்புக்கொள்கிறேன்.

ஏரிக்கரை

போன வாரம் பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். நம் மைதானமான லாம்போவிலிருந்து பயிற்சித் திடலுக்கு ஆட்டக்காரர்கள் பிள்ளைகளின் சைக்கிளில் போகும் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மலை மாதிரி ஒருவர் ஊதா நிறக் குட்டி சைக்கிளில் முழங்கால் முகவாயில் இடிக்க மிதித்துப் போனார். சைக்கிளுக்குச் சொந்தக்காரி, ஏழு வயது இருக்கும், அவருடைய ஹெல்மெட்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடினாள். அவள் போட்டிருந்த சட்டையில் 10. லவ்வின் எண். கடையில் இன்னும் ரோஜர்ஸின் 12தான் நிறையத் தொங்குகிறது, தேடித்தான் வாங்கியிருப்பார்கள்.

அப்பிள்டன் புதியவர்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். செப்டம்பர் 10 அன்று அலுவலக நண்பர் வீட்டில் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் தடவை முழு ஆட்டம் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பச்சைமஞ்சள்

மூன்றாவது டவுன் (பத்து யார்டு எடுக்க இருக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது), எட்டு பத்து யார்டு பாக்கி, சிகாகோ கூடுதல் ஆளை அனுப்புகிறது. அந்த நேரத்தில் எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள். நீங்கள் அவர் முன்காலைப் பாருங்கள், ஊன்றுகிறதா இல்லையா என்று. முடிந்ததும் இங்கே வந்து சொல்லுங்கள்.